விட்டுப்போன வளையம்

அந்தச் சாமானைக் கையில் வாங்கியதுமே ஜெயசித்ரா திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். பிறகு எத்தனையோ தடவை அதை நினைத்து நினைத்து நொந்துகொண்டாள். ஆனால் அன்றைக்குக் காலை ஒன்பதே முக்கால் மணிக்கு, வில்லியனூர் ரயில்வே கேட்டுக்குப் பக்கத்திலிருக்கும் பேட்டரி கடையில் அவள் மட்டும்தான் இருந்தாள். முதலாளி சிவப்பிரகாசம் சரக்கு எடுத்துவர பாண்டிக்குப் போயிருந்தார். வந்தவரோ தெரிந்த ஆள்.

பூரணாங்குப்பம் புகழ்வேந்தன். நெல்லும் மல்லாட்டை என்கிற நிலக்கடலையும் பயிர் வைக்கிறவர், நாற்பது வயதிருக்கும். அவர் மனைவியின் மின்சார ஸ்கூட்டருக்குப் போன வருடம் புது பேட்டரி கட்டிக் கொடுத்தது ஜெயசித்ராதான். இன்று பட்டு வேட்டி, வெள்ளைச் சட்டை, வேட்டிக்கு மேல் பை வைத்த பச்சை பெல்ட் என்று மாப்பிள்ளை மாதிரி வந்திருந்தார். கைக்குட்டையில் சுற்றியிருந்ததை மேஜைமேல் வைத்துவிட்டு, வாசலை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார்.

"இத கொஞ்சம் பாரும்மா. அமுக்கினா உள்ள பளிச்சுனு பொறி அடிக்குது. முந்தாநாளு அமுக்கினது அப்படியே ஒட்டிக்கினு திரும்ப வரல. கை சுட்டுப்போச்சு."

பிரித்துப் பார்த்தாள். ஒரு சாண் நீளத்துக்குப் பித்தளைக் குழல். ஒரு முனையில் உறிஞ்சும் வாய், மறு முனையில் பொத்தான். புகை இழுக்கிற வேப், மின்சிகரெட்.

"சார், இது தடை பண்ண சாமான். எங்க ஓனருக்குத் தெரிஞ்சா என்னைய வெளிய அனுப்பிடுவாரு."

"தெரியும்மா. மச்சான் ஒருத்தன் கப்பல்ல வேல செய்யறான், அவன் குடுத்தது. ஒரு நாளைக்கு ரெண்டு பாக்கெட் சிகரெட் ஊதுனவன் நான். வூட்ல சத்தியம் வாங்கிட்டா. வுட்டுட்டன்னு சொல்லிட்டன். இது மட்டும்தான் ஒளிச்சு வெச்சிருக்கறன்." குரலைத் தாழ்த்தினார். "நீ பாக்கலன்னாலும் நான் இழுக்கத்தான் போறன். பொறியோட இழுக்கறதுக்கு, பாத்துக் குடுத்தன்னா புண்ணியமா போகும்."

அவர்மேல் பரிதாபம் வந்தது. ஆனால் பரிதாபம் மட்டும் அவளை அந்த வேலையில் இறக்கவில்லை. இப்படி ஒரு சாமானை அவள் பிரித்துப் பார்த்ததே கிடையாது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்கிற ஆசை விரல் நுனியில் வந்து நின்றது. கழற்றினாள்.

உள்ளே ஒன்றுமே இல்லை. அதுதான் அவளைத் திகைக்க வைத்தது. ஸ்கூட்டர் பேட்டரியில் ஒரு சின்ன போர்டு உட்கார்ந்துகொண்டு, கரண்ட் அளவுக்கு மீறினால் தானாகவே துண்டித்துவிடும். இதில் அப்படி எதுவும் கிடையாது. ஒரு செல், ஒரு பொத்தான், கரண்டைச் சுமக்கிற பித்தளை உடம்பு. அமுக்கினால் ஓடும், விட்டால் நிற்கும். தப்பு நடந்தால் நிறுத்துவதற்கு ஆள் இழுக்கிறவனுடைய கட்டைவிரல் ஒன்றுதான்.

பொத்தானுக்கு அடியில், செல்லைத் தொடுகிற இடம் கன்னங்கரேல் என்று கருகி, அம்மை விழுந்த முகம் மாதிரி குழி குழியாக இருந்தது.

"இங்க பாருங்க சார். மெதுவா மெதுவா அமுக்குவீங்களா?"

"ஆமா, சத்தம் வரக்கூடாதுன்னு..."

"அதான். பட்டும் படாம தொட்டா இடைவெளியில பொறி பாயும். பாயற பொறி இந்த எடத்த உருக்கிடும். உருகி மேடுபள்ளமாச்சுன்னா அடுத்த தடவ இன்னும் பெரிய பொறி. கடைசியில ரெண்டும் பத்தவெச்ச மாதிரி ஒட்டிக்கும். அமுக்கினா ஒரே அமுக்கா அமுக்கணும், வுட்டா சட்டுனு வுட்டுடணும்."

சொல்லிக்கொண்டே வேலையைத் தொடங்கிவிட்டாள். நைசான உப்புத்தாளால் கருகலைத் தேய்த்துச் சமப்படுத்தினாள். தளர்ந்திருந்த ஸ்பிரிங்கை இழுத்து விறைப்பாக்கினாள். செல்லின் மேலுறை ஓர் ஓரத்தில் கிழிந்திருந்தது. அதை உரித்துவிட்டுப் புது உறை போட்டுச் சூடுகாட்டி இறுக்கினாள். மேல்மூடியைப் பிரித்து, ஒவ்வொரு உருப்படியையும் ஸ்பிரிட்டில் கழுவி மஞ்சள் துணியில் பரப்பினாள். நடுவில் ஒரு சின்ன ஊசி. ஊசிக்கும் பித்தளை உடம்புக்கும் ஒட்டு உறவே இல்லாமல் பிரித்து வைக்கிற, சட்டைப் பொத்தான் அளவு வெள்ளை வளையம். திருகாணிகள். எல்லாம் பளபளவென்று கிடந்தன.

புகழ்வேந்தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே இருந்தார். "கரையாம்புத்தூர்ல தங்கச்சி பொண்ணுக்குக் காது குத்து. நான்தான் தாய்மாமன். தோடு இங்க பத்தர்கிட்டதான் செய்யச் சொல்லியிருந்தோம், வாங்கியாச்சு. பன்னெண்டுக்குள்ள குத்தணுமாம். வூட்ல நேத்தே போயிட்டா."

அப்போதுதான் தெருமுனையில் சிவப்பிரகாசத்தின் வண்டி ஹாரன் கேட்டது. கேட்டைத் தாண்டும்போது இரண்டு தடவை அடிப்பது அவர் வழக்கம்.

ஜெயசித்ராவின் கைகள் தாமாகவே வேகம் பிடித்தன. துணியில் கிடந்ததை அள்ளினாள், மூடியைக் கோத்தாள், திருகினாள். செல்லைத் தனியாக அவர் கையில் கொடுத்தாள்.

"சார், இத சாவி, சில்லறையோட பெல்ட்டு பையில சும்மா போட்டுடாதீங்க. சாவி பட்டாலே பொறி அடிச்சு சூடாயிடும். போற வழியில நிறுத்தி குழலுக்குள்ள போட்டு, பொத்தான் அமுங்காம இருக்க இந்த லாக்க திருகி வெச்சிடுங்க. கிளம்புங்க, கிளம்புங்க."

"எவ்ளோ தரணும்..."

"ஒண்ணும் வேணாம் சார். போங்க."

புல்லட் கிளம்பிய புழுதி அடங்கும் முன்னால் சிவப்பிரகாசம் உள்ளே வந்துவிட்டார். பெட்டிகளை இறக்கினார்கள். ஒரு ஸ்கூட்டருக்கு வயர் மாற்றினாள். பத்தே முக்காலுக்கு மேஜையைத் துடைக்கலாம் என்று மஞ்சள் துணியை எடுத்து உதறினாள். டிக் என்று சன்னமாக ஒரு சத்தம். ஏதோ வெள்ளையாக விழுந்து மேஜைமேல் சுற்றிக்கொண்டே போய், மீட்டர்மேல் முட்டிப் படுத்துக்கொண்டது.

அந்த வளையம்.

முதலில் அது எங்கிருந்து வந்தது என்றே அவளுக்குப் புரியவில்லை. புரிந்ததும் அதை நுனிவிரலால் எடுத்துப் பார்த்தாள். ஸ்பிரிட் ஈரத்தில் துணியோடு ஒட்டிக்கொண்டிருந்திருக்கிறது. அது இல்லாமலே மூடியைத் திருகிவிட்டாள். அப்படியென்றால் ஊசி பித்தளை உடம்பைத் தொட்டுக்கொண்டிருக்கும். செல்லைப் போட்டால் ஒன்றும் ஆகாது. பொத்தானை அமுக்கினால், ஒரே ஒரு தடவை அமுக்கினால், செல்லில் இருக்கிற அத்தனை கரண்டும் பித்தளை வழியாகப் பாயும். பொத்தான் அந்த நொடியிலேயே உருகி ஒட்டிக்கொள்ளும். அப்புறம் விரலை எடுத்தாலும் நிற்காது. அரை நிமிடத்தில் செல் வெடிக்கும். வாயில் வைத்து இழுக்கிற சாமான். வெடித்தால் முகத்தில்தான்.

எந்தப் பேட்டரியைக் கட்டினாலும், வெளியே கொடுப்பதற்கு முன்னால் மீட்டர் முனைகளை வைத்துப் பார்ப்பாள். தொடக்கூடாத இடம் தொட்டால் மீட்டர் பீப் என்று கத்தும். ஆறு வருடத்தில் ஒரு நாளும் அதைத் தவறவிட்டதில்லை. இன்று மீட்டரைத் தொடவேயில்லை. ஒளித்துச் செய்கிற வேலை என்ற பதற்றத்தில் அது நினைவுக்கே வரவில்லை.

பதிவேட்டைப் புரட்டினாள். ஸ்கூட்டர் மனைவி பேரில் இருந்ததால், எழுதியிருந்த நம்பரும் மனைவியுடையது. விஜயகுமாரி. கடைக்குப் பின்னால் போய் நின்று போன் போட்டாள். நான்காவது மணியில் எடுத்தார்கள். பின்னால் மேளமும் மைக்செட்டும் காதைப் பிளந்தன.

"ஹலோ, புகழ்வேந்தன் சார் இருக்காருங்களா? அவசரம்..."

"இன்னா? கேக்கல. யாரு?"

"புகழ்வேந்தன் சார்கிட்ட பேசணும். ரொம்ப அவசரம். அவரு வந்துட்டாருங்களா?"

அப்புறம் அந்தக் குரல் மாறிப்போய் வந்தது. "நீ யாரும்மா? அவருகிட்ட உனக்கு இன்னா அவசரம்?"

"நான் வில்லியனூர்லேந்து... காலையில அவரு என்கிட்ட வந்தப்ப..."

"உன்கிட்ட வந்தாரா?"

இணைப்பு துண்டிக்கப்பட்டது. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. மறுபடி. வேறு ஒரு அழைப்பில் இருப்பதாகப் பதிவுக் குரல் சொன்னது. வாட்ஸப்பில் அந்த நம்பரைத் தேடி, குரல் பதிவில் மூச்சு வாங்கச் சொன்னாள்: "அக்கா, நான் பேட்டரி கடை ஜெயசித்ரா. உங்க ஸ்கூட்டருக்கு பேட்டரி கட்டின பொண்ணு. சார்கிட்ட ஒரு பித்தளைக் குழல் இருக்கும். அதோட பொத்தான அமுக்கவே கூடாதுன்னு சொல்லுங்க. அமுக்கினா வெடிச்சிடும். தப்பு என்மேல. தயவுசெஞ்சு சொல்லுங்க." அனுப்பினாள். போய்ச் சேர்ந்ததற்கு இரண்டு டிக் குறிகள் விழுந்தன. கேட்டதற்கு அடையாளமாக அவை நீலமாகவில்லை.

"ஓனர், வூட்ல ஒரு அவசரம். டெஸ்ட் வண்டிய எடுத்துக்கட்டுமா?"

சிவப்பிரகாசம் அவள் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் சாவியை நீட்டினார். பொய்யை நம்பினார் என்பதே அவளுக்கு முள்ளாகக் குத்தியது.

கிளம்பினால் ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டிகள் வரிசையில் நின்றன. விழுப்புரத்திலிருந்து வருகிற ரயில் தூரத்தில் ஒலி எழுப்பி, அப்புறம் வருவதற்கு ஒரு யுகம் எடுத்துக்கொண்டது. பெட்டிகளை எண்ணினாள். எண்ணிக்கை தப்பியது. கேட் தூக்கியதும் லாரிக்கும் பஸ்ஸுக்கும் இடையில் புகுந்து வெளியே வந்தாள்.

மங்கலம் தாண்டினாள். ஏம்பலம் தாண்டினாள். இரண்டு பக்கமும் வெட்டாத கரும்பு ஆள் உயரத்துக்கு நின்றது. ஒவ்வொரு டீக்கடை வாசலிலும் புல்லட் நிற்கிறதா என்று பார்த்தாள். ஒரு நிழலில், ஒரு மதகில், உட்கார்ந்து ஒரு தடவை இழுத்துவிட்டுப் போகலாம் என்று அவர் நினைத்திருந்தால்? வளைவு ஒன்றில் ஐந்தாறு பேர் கூட்டமாக நின்றார்கள். அவள் கைப்பிடி வழுக்கியது. கிட்டப் போனால், அச்சு முறிந்த டிராக்டர். மூச்சை விட்டாள்.

'பையில சும்மா போடாதீங்க, குழலுக்குள்ள போட்டு வெச்சிடுங்க.' அவளே சொன்னது. நல்ல புத்தி சொல்வதாக நினைத்துச் சொன்னது. அவர் சொன்னபடி கேட்கிற ஆளாக இருக்கக்கூடாதே என்று வேண்டிக்கொண்டாள்.

வண்டியின் சார்ஜ் பாதிக்குக் கீழே இறங்கியபோது கரையாம்புத்தூர் வந்துவிட்டது. விசாரிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. மைக்செட் சத்தமே வழிகாட்டியது. தெருவை அடைத்துப் போட்ட பந்தல், வாசலில் வாழைமரம், ஓரத்தில் வரிசையாக வண்டிகள். அதில் புல்லட்டும் நின்றது.

பந்தலுக்குள் காலை வைத்ததும் வாட்டசாட்டமான ஒரு பெரியவர் குறுக்கே வந்தார். குழந்தையின் தாத்தா மணிவண்ணன் அவர்தான் என்பது அவளுக்கு அப்புறம்தான் தெரிந்தது. எண்ணெய்க் கறை படிந்த அவள் சுடிதாரை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரும்மா நீ? யாரு வூட்டுப் பொண்ணு?"

அந்தக் கேள்விக்கு உள்ளே இருக்கிற கேள்வியும் அவளுக்குத் தெரியும். சின்ன வயசிலிருந்து தெரியும். இன்றைக்கு அதற்கு நிற்க நேரமில்லை. "விஜயகுமாரி அக்காவ பாக்கணுங்க" என்று சொல்லிக்கொண்டே பெண்கள் கூட்டத்துக்குள் நுழைந்துவிட்டாள்.

தலைகளுக்கு நடுவில் அவர் தெரிந்தார். மனைமேல் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார் புகழ்வேந்தன். மடியில் ஒரு வயதுக் குழந்தை, மொட்டை அடித்துச் சந்தனம் பூசிய தலை. குழந்தையின் முதுகு அவர் வயிற்றோடு அழுந்தியிருந்தது. இடையில் அந்தப் பச்சை பெல்ட். பெல்ட்டுப் பை குறுக்குவாட்டில் புடைத்துக்கொண்டிருந்தது. சாவிக்கொத்து அப்படிப் புடைக்காது. செல்லை உள்ளே போட்டாரா, லாக்கைத் திருகினாரா என்று அங்கிருந்து பார்த்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. பத்தர் ஊசியை விளக்கில் காட்டிக்கொண்டிருந்தார்.

பந்தல் கால் ஓரமாக ஒரு பெண் நின்றிருந்தாள். ஒரு காதில் போன், மறு காதில் விரல். விஜயகுமாரி. பதிவைக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. ஜெயசித்ரா ஓடிப்போய் அவள் கையைப் பிடித்தாள்.

"அக்கா, நான்தான்."

"நீயா?" விஜயகுமாரியின் கண்கள் அவளைத் துளைத்தன. "வுட்டுட்டேன்னு சொன்னாரே. புள்ள தலையில அடிச்சு சத்தியம் பண்ணாரே."

"அத அப்புறம் கேளுங்கக்கா. அது அவரு பெல்ட்டுல இருக்குது. குழந்தய எடுத்துடுங்க மொதல்ல."

"இப்பவா? ஊசி வெக்கப் போறாங்க..."

பத்தர் குனிந்தார். மேளக்காரர்கள் கெட்டிமேளம் மாதிரி தட்டி எழுப்பினார்கள். குழந்தை வீறிட்டது. வலியில் வில்லாக வளைந்து, முதுகைப் பின்னால் தள்ளி, இரண்டு காலையும் உதைத்தது. மாமன் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். ஒரு காதில் தோடு ஏறியது. கூட்டம் சிரித்தது, கை தட்டியது.

புகழ்வேந்தனின் முகம் மட்டும் ஒரு மாதிரி ஆனது. புருவம் சுருங்கியது. மடியைப் பார்த்தார்.

"மாமன் மடிய நனச்சிட்டாடி!" என்று யாரோ ஒரு பெண் கத்தினாள். எல்லாரும் இன்னும் பெரிதாகச் சிரித்தார்கள். அவரும் சிரிக்கப் பார்த்தார். ஆனால் உதடு சிரிப்பதற்குள் உடம்பு துள்ளியது. இடுப்பை நெளித்தார். ஒரு கை பெல்ட்டுக்குப் போய், தொட்ட வேகத்தில் திரும்பி வந்தது.

ஜெயசித்ராவுக்குத் தெரிந்துவிட்டது. பொத்தான் அமுங்கிவிட்டது. ஒட்டிக்கொண்டும் விட்டது. இனி அதை எந்த விரலாலும் நிறுத்த முடியாது.

"குழந்தைய தூக்குங்க!"

தன் தொண்டையிலிருந்து அப்படி ஒரு சத்தம் வருமென்று அவளுக்கே தெரியாது. மேளம் நின்றது. விஜயகுமாரி கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு பாய்ந்து, குழந்தையை மடியிலிருந்து பிடுங்கி, பக்கத்தில் நின்ற தாய் வெண்ணிலாவின் நெஞ்சில் திணித்தாள். "போ, தள்ளிப் போ!"

புகழ்வேந்தன் எழுந்திருக்கப் பார்த்தார். வேட்டி காலில் தட்டியது. பெல்ட்டுப் பையிலிருந்து பிளாஸ்டிக் கருகும் நாற்றம் எழுந்தது. பையைத் திறக்கப் போன அவர் கையை ஜெயசித்ரா தட்டிவிட்டாள். குழலைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். பெல்ட்டின் ஒட்டுப்பட்டையைப் பிடித்து இழுத்தாள். சர்ரென்று பிரிந்து, பெல்ட்டே கையோடு வந்தது. சூடு துணியைத் தாண்டி விரல்களைச் சுட்டது.

எங்கே போடுவது? இடது பக்கம் சமையல் கொட்டகை, காஸ் சிலிண்டர்கள். வலது பக்கம் பெட்ரோல் வண்டிகள். நேரே, பந்தலுக்குப் பின்னால் தண்ணீர் நிற்கிற நாற்றங்கால்.

"வழி வுடுங்க! வழி வுடுங்க!"

பெண்கள் அலறிக்கொண்டு விலகினார்கள். எட்டு அடியோ பத்து அடியோ ஓடியிருப்பாள். வரப்பு வரை போக முடியும் என்று தோன்றவில்லை. பெல்ட்டைச் சுழற்றி வீசினாள். அது பச்சை நாற்றுகளுக்கு மேல் பறந்து, சேற்றில் விழுந்து, ஒரு நொடி சும்மா கிடந்தது. வீணாகக் கூத்து பண்ணிவிட்டோமோ என்றுகூட ஒரு நினைப்பு அவளுக்கு ஓடியது.

அப்புறம் வெடித்தது. திருவிழா அவுட்டு வெடி போல ஒரு சத்தம். சேறும் நாற்றும் எழும்பின. பித்தளை மூடி பறந்து வந்து பந்தலின் இரும்புக் காலில் ணங்கென்று மோதியது. வெள்ளைப் புகை சீறிக்கொண்டு கிளம்பி நாற்றங்கால் முழுக்கப் பரவியது.

குழந்தை மட்டும் அழுதது.

மணிவண்ணன்தான் முதலில் வாயைத் திறந்தார். "இன்னாப்பா அது?"

புகழ்வேந்தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். சட்டை கருகி, உள்ளே ஒரு விரல் நீளத்துக்குத் தோல் சிவந்து கொப்பளித்திருந்தது. மாமனார் வீட்டார், பங்காளிகள், சம்பந்திகள் எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "பவர் பேங்க்" என்றார். "போனுக்கு சார்ஜ் போடறது. சைனா சாமான்."

"அதான பாத்தன். கண்ட கண்ட சைனா சாமான வாங்கி வெச்சுக்கினு..." என்று ஒரு குரல் எழுந்தது. கூட்டம் அதைப் பிடித்துக்கொண்டது. யாருக்கோ நடந்தது, யார் வீட்டிலோ பற்றி எரிந்தது என்று ஆளுக்கொரு கதை கிளம்பியது.

புகழ்வேந்தன் அவள் பக்கத்தில் வந்து நின்றார். "கொலசாமி மாதிரி வந்தம்மா நீ. நான்தான் எக்குத்தப்பா போட்டுட்டன் போல. லாக்க சரியா திருகல."

அவருக்குத் தெரியாது. அங்கே யாருக்கும் தெரியாது. பதிவைக் கேட்ட விஜயகுமாரிக்கு மட்டும் தெரியும். அவள் மாமியார் பக்கத்தில் நின்றபடி ஜெயசித்ராவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சும்மா தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடலாம். காப்பாற்றிய பெண் என்று பேர் நிற்கும். ஜெயசித்ரா புகழ்வேந்தனை நிமிர்ந்து பார்த்தாள்.

"இல்ல சார். லாக்கு திருகியிருந்தா இப்ப வெடிச்சிருக்காது, அவ்ளோதான். சாயங்காலம் உங்க மூஞ்சிலதான் வெடிச்சிருக்கும். நான் அத மாட்டும்போது உள்ள ஒரு வளையத்த வுட்டுட்டன். மீட்டர் வெச்சும் பாக்கல. தப்பு என்னோடது."

"இன்னா மாட்டின? நீதான் ரிப்பேர் பண்ணியா?" மணிவண்ணன் கிட்ட வந்துவிட்டார்.

"ஆமாங்க. என்ன சாமான்னு அவரு சொல்லட்டும். நான் செஞ்சத நான் சொல்றன்."

பெரியவரின் முகம் கறுத்தது. அடிப்பாரோ என்றுகூட நினைத்தாள். "கொழந்த மடியில இருந்துச்சும்மா" என்றார். சத்தம் போடவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. "என் பேத்தி மடியில இருந்துச்சு."

ஜெயசித்ரா தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கப் போனபோதுதான், வலது கையின் மூன்று விரல்களில் தோல் வெளுத்து எழும்பியிருப்பது தெரிந்தது. அதுவரை வலிக்கவே இல்லை.

பத்தர் மெதுவாகக் கனைத்தார். "நேரம் போவுது. இன்னொரு காது இருக்குது."

வேறு மாமனை உட்கார வைக்கலாம் என்று யாரோ சொன்னார்கள். வெண்ணிலா ஒப்பவில்லை. "எங்க அண்ணன் மடியிலதான்" என்றாள். புகழ்வேந்தன் வயிற்றில் ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு மறுபடி மனையில் உட்கார்ந்தார். விஜயகுமாரி பக்கத்தில் மண்டிபோட்டு, குழந்தையின் முதுகு துண்டின்மேல் படாமல் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். புருஷன் முகத்தை அவள் ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. இரண்டாவது தோடு ஏறியது. இந்தத் தடவை யாரும் கை தட்டவில்லை.

கார் ஒன்றில் புகழ்வேந்தன், விஜயகுமாரி, ஜெயசித்ரா மூன்று பேரும் அரியூர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். டெஸ்ட் வண்டியை மறுநாள் அனுப்பிவைப்பதாக வெண்ணிலா சொன்னாள். ஏம்பலம் தாண்டியதும் புகழ்வேந்தன், "விஜயா, அது வந்து..." என்று ஆரம்பித்தார். "வூட்டுக்கு வாங்க" என்றாள் அவள். அதோடு நின்றுவிட்டது. டாக்டர் அவர் வயிற்றையும் ஜெயசித்ராவின் விரல்களையும் கழுவி மருந்து வைத்துக் கட்டினார். எதனால் என்று கேட்டபோது, புகழ்வேந்தன் பவர் பேங்க் என்று சொல்ல வாயெடுத்து, மனைவியைப் பார்த்துவிட்டு, உண்மையைச் சொன்னார்.

மாலை நான்கு மணிக்கு ஜெயசித்ரா கடைக்குத் திரும்பினாள். கட்டுப் போட்ட கையோடு சிவப்பிரகாசத்தின் முன்னால் நின்று, காலையிலிருந்து நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். வீட்டில் அவசரம் என்று பொய் சொன்னதையும் சொன்னாள். தடை செய்த சாமானைக் கடைக்குள் விட்டதற்குத் திட்டுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் ஒன்றே ஒன்று கேட்டார்.

"மீட்டர் வெச்சுப் பாத்தியா?"

"இல்ல ஓனர்."

அவர் அவள் கட்டைப் பார்த்தார். "கை ஆறட்டும்" என்றார். "ஆறினப்புறம் ரெண்டு மாசத்துக்கு நீ பேட்டரி கட்ட வேணாம். வயரிங் மட்டும் பாரு. நீ கட்டின ஒவ்வொண்ணையும் நான் திரும்ப மீட்டர் வெச்சுப் பாத்துட்டு இருக்க முடியாது." வேலையை விட்டு எடுக்கவில்லை என்ற நிம்மதியைவிட, அந்த இரண்டு மாதம் அவளுக்குப் பெரிதாக வலித்தது. நியாயம் என்றும் தெரிந்தது.

இரண்டு வாரம் கழித்து ஒரு முற்பகலில் விஜயகுமாரி ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். சார்ஜ் நிற்கவில்லையாம். சிவப்பிரகாசம் பேட்டரியை இறக்கிப் பிரித்துக்கொண்டிருக்க, ஜெயசித்ரா பக்கத்தில் விளக்கு வயரை மாற்றிக்கொண்டிருந்தாள். விரல்களில் புதுத் தோல் ரோஜா நிறத்தில் இழுத்துக்கொண்டிருந்தது.

"சார் எப்படி இருக்காரு?"

"வயித்துல தழும்பு நிக்கும்னாங்க. அது போவட்டும். புகைய வுட வெக்கிற டாக்டர்கிட்ட இட்டுக்கினு போறன். ஏதோ சூயிங்கம் குடுத்திருக்காங்க, நாள் பூரா மென்னுக்கினு கீறாரு. தொட்டதுக்கெல்லாம் எரிஞ்சு வுழறாரு. போன வாரம் ஒரு சிகரெட்டு புடிச்சிட்டாரு. அவரே வந்து சொல்லிட்டாரு." விஜயகுமாரி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அன்னிக்கி நீ போன் பண்ணப்ப வெச்சிட்டன்ல. அத நெனச்சா இன்னும் தூக்கம் வர மாட்டேங்குது."

"யாரா இருந்தாலும் அப்படித்தான்க்கா நெனச்சிருப்பாங்க."

ரயில் ஒன்று கேட்டைக் கடந்து போனது.

"ஒண்ணு கேக்கறன். பவர் பேங்குன்னு அவரு சொல்லிட்டாரு, எல்லாரும் நம்பிட்டாங்க. நீ எதுக்கு வாயத் தொறந்த? கரையாம்புத்தூர் பெரியவரு இன்னும் உன்ன திட்டிக்கினுதான் இருக்காரு."

ஜெயசித்ரா வயர் முனையைச் சீவிக்கொண்டே யோசித்தாள். "தெரியலக்கா. சொல்லாம வந்திருந்தா இந்த மேஜையில உக்காந்திருக்க முடியாதுன்னு தோணுச்சு."

சிவப்பிரகாசம் பேட்டரியிலிருந்து தலையைத் தூக்கி, இரண்டு செல் போயிருக்கிறது, மாற்றினால் சரியாகிவிடும், சாயங்காலம் வந்து எடுத்துக்கொள்ளலாம் என்றார்.

"பரவால்ல, இருந்தே எடுத்துக்கினு போறன்" என்றாள் விஜயகுமாரி. பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்துவிட்டு, ஜெயசித்ராவிடமும் நீட்டினாள்.